கால் சுற்று

மூன்று வந்துவிட்டன.
பழைய பனியன் துணியில் கிடத்தியிருக்கிறேன்:
ஒன்று சாம்பல் நிறம், ஒன்று புகையிலைப் பழுப்பு,
ஒன்று சுத்த வெள்ளை, சூடு தின்ற பல்.
நாலாவதுதான்
கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு
அசைய மாட்டேன் என்கிறது.

கடலூர் முதுநகர். மணி இரண்டரை.
ஷெட்டுக்குப் பின்னால் உப்பனாறு
துறைமுக விளக்குகளைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.
ஆற்றின் பெயரிலேயே உப்பு.
இந்த ஊரில்
பிடித்த மரையைப் பிடித்த மரை
லேசில் விடாது.

தையல்நாயகி அக்காவின் கேஸ் லாரி.
நாற்பது பெட்டி, சங்கராவும் பாறையும்.
ஐஸ் உருகிப் பலகை இடுக்கில் சொட்டுகிறது.
நாலரைக்குள் கிளம்பினால்தான்
சேலத்தில் விலை.
"என்னா நெய்னா, பல்லு புடுங்க இவ்ளோ நேரமா?"
வண்டிப் படியில் குந்தியிருக்கிறாள்,
யாருக்கோ போனில் கிலோ கணக்கு சொல்லிக்கொண்டே.

துருவுக்கு ஸ்ப்ரே அடித்தேன்.
கேஸ் வண்டி, பீடி ஆகாது.
ஒரு பீடி நேரம் மட்டும் சும்மா நின்றேன்.
மறுபடி அடித்தேன்.
முதலில் ஒரு மயிரிழை இறுக்கவேண்டும்,
பிறகுதான் தளர்த்தவேண்டும்.
கால் சுற்று. கிரீச்.
திரும்ப உள்ளே. கிரீச்.
சத்தம் இருக்கும்வரை பயமில்லை.

சத்தம் நின்றது.
ராடு சட்டென்று லேசானது.

அந்த லேசு என்னவென்று
கண்ணுக்கு முன்னால் மணிக்கட்டுக்குத் தெரியும்.
மேலே வந்தது ஆறுமூலைத் தலையும்
பாதிப் பீங்கானும்.
மரை உள்ளேயே நின்றுவிட்டது,
டார்ச் வெளிச்சத்தில்
விரலில்லாத மோதிரம்.

அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.
"எந்தக் கட்டையில போறவன் இப்புடி முறுக்குனான்?"

அலுமினிய ஹெட்டு.
விரலால் சுற்றி, வாஷர் உட்கார்ந்ததும்
அரைச் சுற்று போதும்.
அதற்கு மேல் ஒரு கால் சுற்று யார் போட்டது?

மழைக்கு முந்தின மாசம்.
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.
பறங்கிப்பேட்டையிலிருந்து என் காக்கா,
ஒரே வயிற்றில் பிறந்தவர்,
வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து
எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
கை அங்கே நின்றிருக்கவேண்டும்.
நிற்கவில்லை.
மரைக்குக் கிரீஸ் தடவினேனா
என்பதும் நினைவில்லை.

"விழுப்புரம் பக்கம் எவனாச்சும் போட்டிருப்பான்க்கா"
என்றேன்.

பீங்கான் பொடியைக் குழாய் வைத்து உறிஞ்சினேன்.
இடதுமரை எக்ஸ்ட்ராக்டரின் நுனியில்
கிரீஸை அப்பினேன்,
சீவல் ஒன்றுகூட பிஸ்டன் மேல் விழக்கூடாது.
இறக்கி, தட்டி, திருப்பினேன்.
ஸ்ப்ரே. காத்திருப்பு.
மூன்று முறை வழுக்கியது.
முதுகு வியர்வை ஜட்டிவரை இறங்கியது.
நாலாம் முறை
உள்ளே ஏதோ முனகிற்று.
பிறகு கிரீச்.
இவ்வளவு நல்ல சத்தத்தை
நான் கேட்டதில்லை.

புதுசு நாலும் விரலாலேயே இறங்கின.
அரைச் சுற்று. கையை எடுத்தேன்.
சாவி போட்டதும் பிடித்தது வண்டி.

"எவ்ளோ?"
"பிளக்கு காசு மட்டும் குடுங்க."
"கூலி?"
"இருக்கட்டும்க்கா."
நோட்டை எண்ணிக்கொண்டே
ஒரு பார்வை பார்த்தாள்.
"பரவால்ல, விழுப்புரத்தானுக்கு
ரொம்ப நல்ல மனசு."
இரண்டு சங்கராவை ஐஸோடு பையில் போட்டு
வைஸ் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஏறினாள்.

லாரியின் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறைந்தது.
உடைந்த மரை வளையம்
உள்ளங்கையில் இன்னும் சுடுகிறது.
போனை எடுத்துக் காக்கா பெயர்வரை போனேன்.
மணி நாலரை. சுபுஹுக்கு எழுந்திருப்பார்.
கூப்பிடவில்லை.
அடித்தவுடன் திருப்பக்கூடாது,
கொஞ்சம் ஊறவேண்டும்.
பையிலிருந்து சிமெண்டுத் தரையில்
ஐஸ் தண்ணீர்
சொட்டிக்கொண்டிருந்தது.